ஒரு கட்டைவிரல் இடைவெளி

"நல்லா இழுத்துப் பாருங்க சார். நாலு பேர் சேர்ந்து இழுத்தாலும் வராது," என்றார் பசையம்மா.

கல்லூரிக்குப் பிளாஸ்டர் மாதிரிகள் செய்துகொடுக்கும் மாதிரிக்காரர் இழுத்துப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த முக்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் அந்த முக்காலிக்கு ரொம்ப நாளாக இரண்டே கால்தான் என்பது நினைவுக்கு வந்தது. ஆனால் அது அசையவில்லை. அதுவும் பசையம்மாவின் கைவேலைதான்.

உயிரியல் ஆய்வகத்தில் பசையம்மா உதவியாளராகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. அதற்குள் கல்லூரியில் உடைந்த பொருள் என்று ஒன்றும் மிச்சமில்லை. நுண்ணோக்கியின் கைப்பிடி, முதல்வரின் செருப்பு, எலும்புக்கூட்டின் கழன்ற தாடை என்று எதையும் விடாமல் ஒட்டிவிட்டார். தாடையை ஒட்டியதில் எலும்புக்கூடு வாயை இறுக மூடிக்கொண்டது. பல் பாடம் நடத்தும் நாளில் மட்டும் கொஞ்சம் சிரமம். அவருடைய உண்மைப் பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவர் பசையம்மாதான்.

அந்தக் கை நேற்று மாலை சாமான் அறைக்குள் போய், நரம்பு மாதிரியைக் கண்டுபிடித்துவிட்டது.

முழங்கை நீளத்துக்கு இரண்டு பிளாஸ்டர் உருவங்கள். இடது பக்கம் சிவப்பு. குமிழாக வீங்கிய ஒரு நரம்பு முனை. வலது பக்கம் நீலம். அந்தக் குமிழை ஏந்திக்கொள்வதுபோல் கிண்ணமாகக் குழிந்த அடுத்த நரம்பு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தாங்கி. இரண்டுக்கும் நடுவே ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இடைவெளி. முப்பத்திரண்டு வருடமாக அப்படித்தான் இருந்தது. இப்போது குமிழ் போய்க் கிண்ணத்துக்குள் வசதியாக உட்கார்ந்திருந்தது. போதாக்குறைக்கு இரண்டு தாங்கிகளையும் ஒரே பலகையில் வைத்து, அதையும் ஒட்டியாகிவிட்டது.

"ஏம்மா ஒட்டினீங்க?"

"உடைஞ்சிருந்துச்சே சார்."

"உடையலைம்மா. அது அப்படித்தான்."

"அதெப்படி? கீழே சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு நீங்களே படிங்க. உங்க கையெழுத்துதானே?"

அவர் கையெழுத்துதான். பழுப்பேறிய சீட்டில் அழகாக எழுதியிருந்தார்: 'சினாப்ஸ். ஒரு நரம்பு அடுத்த நரம்பைச் சந்திக்கும் இடம். கிரேக்கச் சொல். சின் என்றால் ஒன்றாக. ஹாப்டைன் என்றால் பற்றிக்கொள்ளுதல்.'

"ஒன்றாகப் பற்றிக்கொள்ளுதல்னு எழுதிட்டு, ஒண்ணை இங்கேயும் ஒண்ணை அங்கேயும் நிக்க வெச்சா, பாக்கிறவங்க சிரிக்க மாட்டாங்களா? அதுவும் இன்னிக்கு மேடத்தோட ஓய்வு விழா. மேடையில வைக்கிற பொருள். சரி பண்ணி வெப்போம்னு செஞ்சேன். தப்பா?"

மாதிரிக்காரருக்குத் திட்ட வாய் வரவில்லை. முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால், இதே அறையில், இதே மேசைக்குப் பக்கத்தில் நின்று, இதையேதான் அவரும் சொன்னார்.

*

அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. பிளாஸ்டரில் இதயம், சிறுநீரகம், காது, கண் எல்லாம் செய்துகொடுப்பதற்காகக் கல்லூரி அவரை வேலைக்கு வைத்திருந்தது. வீட்டில் யாராவது "பையன் என்ன வேலை பார்க்கிறான்?" என்று கேட்டால், "காது செய்யறான்" என்று அப்பா சங்கடத்தோடு சொல்லுவார்.

அந்த வருடம் ஒரு புது விரிவுரையாளர் வந்து சேர்ந்தார். கையில் சுண்ணக்கட்டி இல்லாமல் அவரால் பேச முடியாது. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போதுகூட விரல்கள் எதையோ பிடித்து எழுதிக்கொண்டிருக்கும். கண்காட்சிக்கு ஒரு சினாப்ஸ் மாதிரி வேண்டும் என்று கேட்டார். மாதிரிக்காரருக்கு அந்தச் சொல்லே புதிது. தெரியாது என்று சொல்ல மனம் வராமல், "செஞ்சிடலாம் மேடம், நிறையச் செஞ்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு நூலகத்துக்கு ஓடினார். அகராதி, ஒன்றாகப் பற்றிக்கொள்ளுதல் என்றது.

அன்றிரவு அவருக்குத் தூக்கமில்லை. அடுத்த பதினொரு நாள் வேறு எந்த வேலையும் ஓடவில்லை. குமிழும் கிண்ணமும் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொண்டிருக்கும்படி அப்படிக் குழைத்துக் குழைத்துச் செய்தார். அவர் அதுவரை எந்தச் சிறுநீரகத்தையும் அவ்வளவு ஆசையாகச் செய்ததில்லை. உண்மையில் அது பிளாஸ்டரில் எழுதிய காதல் கடிதம்.

விரிவுரையாளர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு கடிதத்தில் பிழை திருத்தினார்.

"ரொம்ப அழகா இருக்கு. ஆனா தப்பு. நடுவுல இடைவெளி வேணும்."

"இடைவெளியா?"

"நரம்புக்கு நரம்பு தொடாது. இந்த முனையில செய்தி வந்து நிக்கும். அங்கிருந்து ஒரு ரசாயனம் கிளம்பி, இடைவெளியைத் தாண்டி அந்தப் பக்கம் போய்ச் சேரும். ரெண்டையும் வெட்டிடுங்க."

"பேரே பிடிச்சுக்கோன்னு சொல்லுது மேடம். நீங்க விடுங்கறீங்க."

"பேர் வெச்ச காலத்துல இடைவெளி யார் கண்ணுக்கும் தெரியலை. அப்ப இருந்த நுண்ணோக்கியில தெரியாது. ரொம்பப் பின்னாடிதான் தெரிஞ்சுது."

"தெரிஞ்சதும் பேரை மாத்தியிருக்கலாமே?"

"நம்ம நூலகரை எல்லாரும் 'குட்டி சார்'னு தானே கூப்பிடறோம்? ஆறடி இருக்கார். யாராவது மாத்தினோமா?"

மாதிரிக்காரருக்குக் கோபம் வந்தது. ஒன்றாக இருந்ததால் ஒரே ஒரு தாங்கிதான் செய்திருந்தார் என்பது ஒரு காரணம். மற்ற காரணத்தை வெளியே சொல்ல முடியாது.

"வெட்ட மாட்டேன்."

"நாளைக்குக் காலையில கண்காட்சி."

"அப்படியே வெச்சுக்குங்க. இல்லேன்னா வைக்காதீங்க."

சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் நிறைய வருத்தப்பட்டார். மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்து ஆய்வகத்தைத் திறந்தார். மாதிரி இரண்டாக உடைந்து மேசையில் கிடந்தது. சரியாகக் குமிழும் கிண்ணமும் சேர்ந்த இடத்தில்.

பார்த்தவுடனே காரணம் புரிந்துவிட்டது. உள்ளே கொடுத்திருந்த செப்புக் கம்பியை அந்த இடம் வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். சேருமிடத்தில் கம்பி வேண்டாம், பிளாஸ்டரே தாங்கும் என்பது அவர் கணக்கு. தாங்கவில்லை. அடுத்த அறைக்கு ஓடிப் பசைப் புட்டியை எடுத்துவந்து மூடியைத் திறந்தார். வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. புட்டி முதுகுக்குப் பின்னால் போனது.

விரிவுரையாளர் வாசலில் நின்றார். கையில் புத்தகங்கள், வலது கட்டைவிரலில் ஒரு கட்டு. மாதிரியைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மறுபடி மாதிரியைப் பார்த்தார்.

"எனக்காக வெட்டினீங்களா?"

இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, 'இல்லை, தானாக உடைஞ்சுது, ஒட்டலாம்னு வந்தேன்.' இன்னொன்று, ஒன்றும் சொல்லாமல் தரையைப் பார்ப்பது. மாதிரிக்காரர் தரையைப் பார்த்தார்.

விரிவுரையாளர் பக்கத்தில் வந்து, இரண்டு துண்டுகளையும் நிமிர்த்தி, கட்டுப் போட்ட கட்டைவிரலை நடுவில் வைத்து அளந்தார்.

"இவ்வளவு இடைவெளி போதும்."

"விரல்ல என்ன மேடம்?"

"காகிதம் கிழிச்சுடுச்சு."

அதற்குள் பசை வழிந்து, புட்டி மாதிரிக்காரரின் உள்ளங்கையோடு ஐக்கியமாகிவிட்டது. கண்காட்சித் திறப்பு விழா முழுக்க அவர் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றார். வந்த பெரிய மனிதர்கள், என்ன ஒரு பணிவு என்று பேசிக்கொண்டார்கள்.

ஆறு மாதத்தில் கல்யாணம்.

அதன்பிறகு எந்த வீட்டு விசேஷம், எந்தக் கல்லூரி விழா என்றாலும் மனைவி அந்தக் கதையைச் சொல்லாமல் இருந்ததில்லை. "பதினொரு நாள் உட்கார்ந்து செஞ்சதை, நான் ஒரு வார்த்தை சொன்னேன்னு தன் கையாலேயே வெட்டினவர். அப்படிப்பட்ட ஆளை விட்டுட முடியுமா?" கேட்பவர்கள் மாதிரிக்காரரைப் பார்ப்பார்கள். அவர் அதே பழைய தரையைப் பார்ப்பார்.

மனிதர் தன் வாழ்நாளில் செய்த ஒரே வீரச் செயல் அதுதான். அதையும் அவர் செய்யவில்லை.

*

"மணி பத்தே முக்கால்," என்றார் மாதிரிக்காரர், முழுக் கதையையும் பசையம்மாவிடம் சொல்லி முடித்துவிட்டு. "நாலு மணிக்கு விழா. அவ மேடையில ஏறி இந்தக் கதையைக் கடைசித் தடவையாச் சொல்லப் போறா. பக்கத்துல இது கட்டிப்பிடிச்சுக்கிட்டு நின்னா எப்படி இருக்கும்?"

"அதான் வெட்டினீங்கன்னு ஊரே நம்புதே சார். பசையம்மா ஒட்டிட்டான்னு சொல்லிடுங்க."

"சொன்னா, ஏன் ஒட்டினேன்னு உங்களைக் கேப்பா. உடைஞ்சிருந்துச்சுன்னு சொல்லுவீங்க. உடைஞ்சிருந்துச்சா, வெட்டியிருந்துச்சான்னு அடுத்து என்னைக் கேப்பா. எனக்குப் பொய் வராது."

"முப்பத்திரண்டு வருஷமா வந்திருக்கே?"

"அது சும்மா இருந்தது. சும்மா இருக்க வரும். பொய்தான் வராது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வீட்டில் நாலு சுவருக்குள் நடக்கிற சண்டையில் இந்தக் கதை வெளிவந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மனைவி வேலையை விட்டுப் போகிற நாளில், அவர் ரொம்பப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஒரே கதையைப் பிடுங்கிக்கொள்வதற்கு மனம் இல்லை.

பசையம்மாவுக்கும் மனம் இளகிவிட்டது. "தின்னர் ஊத்தினாப் பசை இளகும் சார்," என்றார்.

ஊற்றினார்கள். பசை இளகவில்லை. வண்ணம் இளகியது. சிவப்பு நீலத்துக்குள் இறங்கி, நீலம் சிவப்புக்குள் ஏறி, சேருமிடம் முழுக்க ஊதாவாகிவிட்டது.

"பார்க்க நல்லாத்தான் இருக்கு," என்றார் பசையம்மா.

"துடைங்க."

துடைத்ததில் ஊதா இன்னும் நான்கு விரல்கடை பரவியது.

"வெந்நீர்ல முக்குவோமா சார்? பசைக்கு வெந்நீர் ஆகாது."

பசைக்கு ஆனது. பிளாஸ்டருக்குத்தான் ஆகவில்லை. குமிழின் அடிப்பக்கம் குழைந்து ஓட்டை விழுந்தது. செய்தியைச் சுமந்து போகிற ரசாயனப் பொட்டலங்கள் என்று காட்டுவதற்காக உள்ளே கண்ணாடி மணிகள் நிரப்பி வைத்திருந்தார் மாதிரிக்காரர். அவை ஒவ்வொன்றாக விழுந்து, அறை முழுக்க உருண்டு, அலமாரிகளின் அடியில் போய் ஒளிந்துகொண்டன. நரம்பு தன் வாழ்நாளில் முதல் முறையாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது.

பசையம்மா முழங்காலிட்டு மணிகளைத் துரத்தினார். அலமாரிக்கு அடியிலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன் சார். ஒட்டறதுக்கு முன்னாடி உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேனா, ஒரு ஓரமா மட்டும் பல்லுப் பல்லாத் தடம் இருந்துச்சு."

"எலியா இருக்கும்."

"எலி பிளாஸ்டர் தின்னுமா?"

"இந்தக் கல்லூரி எலி தின்னும். போன தடவை வருகைப் பதிவேட்டையே தின்னுச்சு." மாதிரிக்காரர் எழுந்தார். "இனிமே ஒரே வழிதான். அறுக்கணும்."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவருக்கே உறைத்தது. முப்பத்திரண்டு வருடம் கழித்து, இல்லாத வீரத்தை இப்போது உண்மையாகவே செய்தாக வேண்டும்.

*

ரம்பம் வாயிற்காவல் அறையில் இருக்கும். அங்கே இப்போதைய காவலருக்குப் பக்கத்தில், வெயில் படாத நாற்காலியில், பழைய வாயிற்காவலர் உட்கார்ந்திருந்தார். விழாவுக்கு அழைத்திருந்தார்கள். நாலு மணி விழாவுக்குப் பத்து மணிக்கே வந்துவிட்டார். வேலையில் இருந்த காலத்திலும் அப்படித்தான். அப்போதெல்லாம் எல்லா அறைகளின் சாவியும், கருவிப் பெட்டியும் அவர் பொறுப்பில்தான் இருக்கும். வயது எண்பதைத் தொட்டிருந்தது. காது கொஞ்சம் மந்தம்.

"ஒரு ரம்பம் வேணும்," என்றார் மாதிரிக்காரர் இப்போதைய காவலரிடம்.

"எதுக்கு சார்?"

"நரம்பு மாதிரியை அறுக்கணும்."

பழைய காவலருக்கு எல்லாம் கேட்காவிட்டாலும் இது கேட்டுவிட்டது. பொக்கை வாயைத் திறந்து சிரித்தார்.

"மறுபடியுமா?"

மாதிரிக்காரரும் சிரித்து வைத்தார். மனைவி சொல்லிச் சொல்லி, வெட்டின கதை வாசல்வரை தெரிந்திருக்கிறது. பாவம், இந்த வயதிலும் நினைவு வைத்திருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டே ரம்பத்தோடு ஓடினார்.

ரம்பத்தை வைத்த பிறகுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. தாங்கிகள் இரண்டும் பலகையோடு ஒட்டியிருப்பதால், அறுத்துவிட்டு இழுத்துத் தள்ளிவைக்க முடியாது. நடுவில் ஒரு துண்டையே வெட்டி எடுக்க வேண்டும். சரியாக ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு. எந்தக் கட்டைவிரல்?

"உங்க விரலை வெச்சுப் பாருங்க சார்."

"என் விரல் தடி. அவ விழாவுக்கு விழா தன் விரலை விட்டு அளந்து காட்டுவா. சரியாப் பொருந்தணும்."

"அப்ப மேடத்துக்குப் போன் போட்டுக் கேளுங்க."

அது எவ்வளவு மோசமான யோசனை என்று தெரிவதற்குள் மணி அடித்துவிட்டது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. உன் கட்டைவிரல் எவ்வளவு அகலம்?"



"எதுக்கு?"

மாதிரிக்காரருக்குப் பொய் வராதுதான். தப்பித் தவறி வந்தால் தேவைக்கு மேல் பெரிதாக வரும்.

"மோதிரத்துக்கு."

"கட்டைவிரலுக்கா?"

"ஆமா."

"கட்டைவிரல்ல யாருங்க மோதிரம் போடுவாங்க?"

"இப்பல்லாம் போடறாங்க."

"யாரு?"

"எல்லாரும்."

அலமாரிக்கு அடியில் பசையம்மா இருமினார். மறுமுனையில் ஏதோ இழுப்பறை திறக்கும் சத்தம், ஸ்கேல் தேடும் சத்தம்.

"ரெண்டு சென்டிமீட்டர். அதுக்கு ஒரு நூல் கம்மி." குரல் மாறியிருந்தது. "நீங்களாத் தோணி எனக்கு ஒண்ணு வாங்கறது இதுதான் முதல் தடவை. என்னால நாலு மணி வரைக்கும் இருக்க முடியாதுங்க. இப்பவே கிளம்பி வர்றேன்."

"வராதே!" என்பதற்குள் இணைப்பு போய்விட்டது.

"என்ன சார், அளவு கிடைச்சுதா?"

"கிடைச்சுது. கூடவே அவளும் கிடைக்கப் போறா. பிடிங்க அந்தப் பக்கம்!"

வீட்டிலிருந்து கல்லூரிக்கு இருபது நிமிடம். பசையம்மா பலகையைக் கட்டிப்பிடித்துக்கொள்ள, மாதிரிக்காரர் அறுத்தார். முதல் வெட்டு ஒழுங்காக இறங்கியது. பதினொரு நாள் குழைத்துச் செய்த பொருளை அறுக்கக் கை கூசும் என்று நினைத்திருந்தார். கூசவில்லை. பற்றிக்கொண்டு நிற்பதில் இருந்த அழகு இத்தனை வருடத்தில் அவருக்கே மறந்துபோயிருந்தது. நடுவில் அந்த இடைவெளி இல்லாமல் பார்த்தால், மூச்சுவிட இடமில்லாத இரண்டு பேர் மாதிரி இருந்தது.

இரண்டாவது வெட்டில் ரம்பம் எதிலோ சிக்கியது. செப்புக் கம்பி. அன்றைக்கு அவர் கொண்டுவந்து நிறுத்திய அதே முனை. அதையும் நறுக்கி வெளியே இழுத்தார். நடுத்துண்டு தரையில் விழுந்து பொடியானது. அறை முழுக்க வெள்ளைப் புழுதி.

புழுதி அடங்கியபோது வாசலில் பேராசிரியை நின்றுகொண்டிருந்தார்.

*

அவர் முதலில் பார்த்தது கணவரை. தலை, மீசை, சட்டை எல்லாம் வெள்ளை, கையில் ரம்பம். பிறகு பார்த்தது அலமாரிக்கு வெளியே தெரிந்த பசையம்மாவின் கால்களை. ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்த பசையம்மா மணி பொறுக்கப் போய்விட்டார். கடைசியாகப் பார்த்தது மாதிரியை.

"அறுத்துக்கிட்டிருக்கீங்க," என்றார்.

"ஆமா."

"முன்னாடியே அறுத்ததுதானே?"

மாதிரிக்காரர் தரையைப் பார்க்கப் போனார். அங்கே மணிகளும் பொடியும் கிடந்தன, பார்க்க இடமில்லை. வேறு வழியில்லாமல் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"நான் அறுக்கலை. அன்னிக்குக் காலையில வந்தப்ப உடைஞ்சு கிடந்துச்சு. ஒட்டலாம்னுதான் இருந்தேன். நீ வந்துட்டே. கேட்டே. பசை முதுகுக்குப் பின்னாடி இருந்துச்சு. அன்னிக்குப் பூரா நான் கையை எடுக்காம நின்னேனே, அது பணிவு இல்ல, புட்டி ஒட்டிக்கிச்சு. முப்பத்திரண்டு வருஷமா நீ சொல்றப்பல்லாம் சொல்லிடலாம்னு வருவேன். நீ சொல்ற அழகைப் பார்த்தா விட்டுடுவேன். நேத்து இவங்க மறுபடி ஒட்டிட்டாங்க. இன்னிக்குத்தான் நிஜமா அறுத்தேன். மோதிரமும் பொய்."

ஒரே மூச்சில் இவ்வளவையும் சொல்லிவிட்டு ரம்பத்தை மேசையில் வைத்தார். தண்டனைக்குத் தயாராக நின்றார்.

பேராசிரியை மேசைக்கு வந்து, குமிழுக்கும் கிண்ணத்துக்கும் நடுவே வலது கட்டைவிரலை வைத்தார். விரல் சரியாகப் பொருந்தியது. அந்த விரலில் காகிதம் கிழித்த பழைய தழும்பு இன்னும் இருந்தது.

"அளவு சரியா இருக்கு," என்றார்.

"கோவம் இல்லையா?"

"எதுக்குக் கோவம்? அதான் அறுத்தாச்சே. முப்பத்திரண்டு வருஷம் தாமதம், அவ்வளவுதான். நீங்க எதை நேரத்துக்குச் செஞ்சிருக்கீங்க?"

மாதிரிக்காரர் உருகிப்போனார். இப்படியும் ஒரு பெருந்தன்மை உண்டா? இவ்வளவு பெரிய மனசுக்கு முன்னால் தான் எவ்வளவு அற்பமாக, ஒரு பசைப் புட்டியோடு நின்றிருக்கிறோம்!

"அப்ப அதை யார்தான் உடைச்சிருப்பாங்க?" என்றார் மூக்கை உறிஞ்சியபடி.

"எலிதான் மேடம்!" என்றது அலமாரியின் அடிப்பக்கம். "பல்லுத்தடத்தை நான் என் கண்ணால பார்த்தேன்."

"கேட்டீங்களா? எலிதான்," என்றார் பேராசிரியை. உருண்டு வந்த ஒரு மணியைக் குனிந்து எடுத்து, அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டினார். "சரி, மோதிரம்?"

"அதான் சொன்னேனே, பொய்னு."

"ரெண்டு சென்டிமீட்டர்னு அளந்து சொல்லிட்டுப் பேருந்துல வந்திருக்கேன். பொய்யின்னா எப்படி?"

மாதிரிக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். மேசையில் அந்தச் செப்புக் கம்பித் துண்டு கிடந்தது. காது செய்த கை; இரண்டு நிமிடத்தில் முறுக்கி, முனையை உள்ளே மடித்து, உப்புத்தாளில் தேய்த்துப் பளபளப்பாக்கிப் போட்டுவிட்டார். தழும்பின் மேலேயே அது போய் உட்கார்ந்தது.

"எல்லாரும் போடறாங்கன்னீங்களே," என்றார் பேராசிரியை விரலைத் திருப்பிப் பார்த்து. "எனக்கும் நல்லாத்தான் இருக்கு."

*

விழாவில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. ஊதா நிறத்தைச் சரிசெய்ய நேரமில்லை. குமிழின் ஓட்டையை அடைக்கவும் முடியவில்லை. பசையம்மா பசையோடு முன்வந்தார், இரண்டு பேரும் சேர்ந்து தடுத்துவிட்டார்கள். பேராசிரியை மாதிரிக்குப் பக்கத்தில் நின்று பேசினார்.

"நூறு வருஷத்துக்கும் முன்னாடி ஒரு உடலியல் பாடப் புத்தகம் எழுதிக்கிட்டிருந்தாங்க. நரம்பும் நரம்பும் சந்திக்கிற இடத்துக்கு ஒரு பேர் தேவைப்பட்டுச்சு. எழுதினவர் முதல்ல வேற ஒரு சொல்லை நினைச்சு வெச்சிருந்தார். கிரேக்கம் படிச்ச ஒரு அறிஞர்கிட்ட யோசனை கேட்டப்ப, அதைவிட இதுல இருந்து வேற சொற்களை உண்டாக்க வசதியா இருக்கும்னு சினாப்ஸைக் கொடுத்தார். பற்றிக்கொள்றதுன்னு அர்த்தம். அங்கே நடுவுல இடம் இருக்குன்னு அப்ப யாரும் கண்ணால பார்த்ததில்லை. பின்னாடி பார்த்தாங்க. தொடவே இல்லை! ஆனா பேர் அப்படியே நின்னுடுச்சு. நான் முப்பத்திரண்டு வருஷமா வகுப்புல இதைத்தான் சொல்றேன். அந்தப் பேர்ல தப்பில்லை. கையைத் தொட்டுக்கிட்டு இருந்தாத்தான் பிடிச்சுக்கிட்டிருக்கோம்னு இல்லை."

பின் வரிசையில் யாரோ ஒரு பழைய மாணவி கைக்குட்டையைத் தேடினார்.

"இந்த ஊதா நிறம் பாருங்க, இந்தப் பக்கத்துச் செய்தி அந்தப் பக்கம் போறதைக் காட்டறதுக்காக இன்னிக்குப் புதுசாச் சேர்த்தது. இதோ இந்த ஓட்டை, பொட்டலம் வெளியே வர்ற வாசல்." கையில் இருந்த மணியைக் கிண்ணத்தில் போட்டார். டிங் என்றது. எல்லோரும் கைதட்டினார்கள். "இதையெல்லாம் செஞ்சவர் அதோ மூணாவது வரிசையில இருக்கார். பதினொரு நாள் உட்கார்ந்து செஞ்சதை, நான் சொன்னேன்னு தன் கையாலேயே வெட்டினவர்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாதிரிக்காரர் வழக்கம்போலத் தரையைப் பார்க்கப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டார். இந்தத் தடவை அது உண்மை. நிமிர்ந்து உட்கார்ந்தார். மீசையில் இருந்த கடைசிப் புழுதியைத் தட்டிவிட்டார். முப்பத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக அந்தக் கைதட்டல் அவர் முகவரிக்குச் சரியாக வந்து சேர்ந்தது.

அந்தி சாயும்போது இருவரும் பூங்கொத்துகளைச் சுமந்துகொண்டு வாசலுக்கு வந்தார்கள். மாதிரிக்காரருக்கு நடையே மாறியிருந்தது. மடியில் கனமில்லாத மனிதரின் நடை. பழைய வாயிற்காவலர் நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து, பேராசிரியையின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் எடுத்துக்கொண்டார்.

"போயிட்டு வாங்கம்மா. நல்லா இருங்க." கண்ணைச் சுருக்கி விரலைப் பார்த்தார். "என்னம்மா இது, கட்டைவிரல்ல மோதிரம்?"

"நான்தான் செஞ்சேன்!" என்றார் மாதிரிக்காரர் பெருமையாக.

பேராசிரியை கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். "நேரமாச்சுங்க, பேருந்து போயிடும்."

பழைய காவலர் கையை விடவில்லை. மோதிரத்தை லேசாக நகர்த்திப் பார்த்து, பொக்கை வாய் நிறையச் சிரித்தார்.

"நல்லதாப் போச்சும்மா, அன்னிக்குச் சாயங்காலம் எங்கிட்ட ரம்பம் வாங்கிட்டுப் போய் அந்தப் பொம்மையை அறுக்கறேன்னு விரலைக் கிழிச்சுக்கிட்டு வந்தீங்களே, அந்தத் தழும்பு சரியா மறைஞ்சிடுச்சு!"